விளக்கமாறு யார் கையில்?

நாங்குநேரியில் 2023 ஆகஸ்ட்டில் ஒரு மாணவரையும் அவருடைய தங்கையையும் உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே.சந்துரு ஒருநபர் குழு, 2024 ஜூன் 18 அன்று முதல்வரிடம் அறிக்கையைக் கொடுத்தது. தொலைக்காட்சி விவாதங்கள் கயிற்றையும் பொட்டையும் பிடித்துக்கொண்டன. கையில் சாதி நிறக் கயிறு கட்டலாமா, நெற்றியில் திலகம் வைக்கலாமா என்று சில நாள் சண்டை ஓடியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அறநெறி வகுப்பு கட்டாயம் வேண்டும் என்ற பரிந்துரையும் அதே அறிக்கையில் இருந்தது. அதற்காக யாரும் சண்டை போடவில்லை. எல்லாக் கட்சிக்கும் எல்லாச் சாதிக்கும் சம்மதமான யோசனை ஒன்று நம் ஊரில் வந்தால், அதனால் யாருடைய வீட்டிலும் ஒரு செங்கல்கூட நகரப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்றுதான் பொருள்.

நீதிபோதனை நமக்குப் புதிதா என்ன? தலைமையாசிரியர் அறையில் ஒட்டிய கால அட்டவணையில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது. பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல்தான் அது வரும். கணக்கு வாத்தியார் வாசலில் வந்து நின்று “போர்ஷன் முடியலை, இந்த ஒரு பீரியட் குடுங்க” என்பார், கொடுத்துவிடுவார்கள். அவர் வராவிட்டால், முயலும் ஆமையும் கதை. கதை முடிந்ததும் “இதிலிருந்து என்ன தெரியுது?” என்ற கேள்விக்கு வகுப்பே சேர்ந்து ராகம் போட்டு ஒரு பதில் சொல்லும். அந்தப் பதில் கேள்விக்கு முன்னாலேயே தயாராக இருக்கும்.

அறிக்கைகளுக்கும் குறைவில்லை. 1959-இல் அமைக்கப்பட்ட ஸ்ரீபிரகாசா குழு சொன்னது. கோத்தாரி குழு வாரத்துக்கு ஒன்றிரண்டு பிரிவேளை ஒதுக்கச் சொன்னது. 1999-இல் எஸ்.பி.சவாண் தலைமையிலான நாடாளுமன்றக் குழு, வாய்மை, நன்னடத்தை, அமைதி, அன்பு, அகிம்சை என்று ஐந்தைப் பட்டியல் போட்டது. 2016-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஆர்.மகாதேவன், திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் பள்ளிகளில் முழுமையாகக் கற்பிக்கச் சொன்னார். அடுத்த ஆண்டு அரசாணை வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை வகுப்புக்குப் பதினைந்தாக 105 அதிகாரங்கள். நல்ல தீர்ப்புதான். ஆனால், வகுப்பறைக்குள் நுழையும்போது அது என்னவாகிறது? “அடிபிறழாமல் எழுதுக, இரண்டு மதிப்பெண்” என்றாகிறது. மேல்நிலையில் ‘அறவியலும் இந்தியப் பண்பாடும்’ என்றே ஒரு பாடம் இருக்கிறது. அதற்கும் பொதுத்தேர்வு, அதற்கும் மதிப்பெண்.

நாங்குநேரியில் அரிவாள் எடுத்த பிள்ளைகளும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நின்று, உறுதிமொழி எடுத்து, தினம் ஒரு குறள் கேட்டு வளர்ந்தவர்கள்தான். அவர்களுக்கு அறம் சொல்லப்படாமல் போய்விடவில்லை. அது காதில் விழுந்த அதே பள்ளியில், அதே நாளில், வேறொன்றைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் சீனாவைப் பார்ப்பது உதவும். அறநெறிப் பாடத்துக்கு அவர்களைப் போல நேரமும் காகிதமும் செலவழித்த நாடுகள் அதிகமில்லை. 1963 மார்ச் 5 அன்று, லெய் ஃபெங் என்ற இளம் ராணுவ வீரரைப் பின்பற்றச் சொல்லி மாவோ நாட்டுக்கு அறைகூவல் விடுத்தார். லெய் ஃபெங் அதற்கு முந்தைய ஆண்டே, லாரி இடித்துச் சாய்ந்த கம்பம் தலையில் விழுந்து 21 வயதில் இறந்துவிட்டிருந்தார். முகம் தெரியாதவர்களுக்கு உதவியவர், கிழிந்ததைத் தைத்துப் போட்டவர் என்று அவருடைய நாட்குறிப்பை வைத்துப் பாடம் உருவானது. இன்றும் மார்ச் பிறந்தால் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகத் தெருவைக் கூட்டவும் முதியோர் இல்லத்துக்கும் போகிறார்கள். லெய் ஃபெங் மாமாவுக்குக் குடியிருப்புப் பதிவு கிடையாது, மார்ச்சில் வருவார், ஏப்ரலில் போய்விடுவார் என்று சீனர்களே கிண்டல் செய்கிறார்கள். நம் ஊர்க் காந்தி ஜெயந்தித் துப்புரவுக்கும் அவர் தூரத்துச் சொந்தமாகத்தான் இருக்க வேண்டும்.

இது பலன் தரவில்லை என்று அங்கேயே உணர்ந்தவர்கள் இருந்தார்கள். தேர்வில் முழு மதிப்பெண் வாங்குகிற பிள்ளை வெளியே வேறு மாதிரி நடக்கிறதே என்ற கவலை பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் இருந்தது. 2001-இல் தொடங்கிய கலைத்திட்டச் சீர்திருத்தம் தொடக்கப் பள்ளியின் அறநெறிப் பாடத்தைப் பெயரோடு மாற்றியது. முதல் இரண்டு வகுப்புகளுக்கு ‘அறமும் வாழ்வும்’, அடுத்த நான்குக்கு ‘அறமும் சமூகமும்’. நான்ஜிங் நார்மல் பல்கலைக்கழகத்தின் லூ ஜியே என்ற பேராசிரியை இதற்குப் பின்னால் இருந்த முக்கியமான சிந்தனையாளர். அறக்கல்வி பிள்ளைகளின் அன்றாட வாழ்விலிருந்து கழன்றுபோய்விட்டது, அதை அங்கேயே திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது அவருடைய வாதம். பெரிய மனிதர்களின் பெருமைகளுக்குப் பதில், வகுப்பில் சண்டை வந்தால் என்ன செய்வது, வீட்டில் யார் எந்த வேலை செய்கிறார்கள் என்கிற கேள்விகள் புத்தகத்துக்குள் வந்தன.

பிறகு காற்று திசை மாறியது. 2016-இல் பாடத்தின் பெயர் ‘அறமும் சட்டத்தின் ஆட்சியும்’ ஆனது. நாடு முழுக்க ஒரே புத்தகம். 2021-இல் அதிபர் ஷி ஜின்பிங்கின் சிந்தனைகள் தொடக்கப் பள்ளி வாசிப்பு நூலாகவே வந்துவிட்டன. 2022-இல் வந்த கலைத்திட்டம் ஒன்பது ஆண்டுப் பள்ளி நேரத்தில் 6 முதல் 8 சதவீதத்தை அறநெறிக்கு ஒதுக்குகிறது. வாரத்துக்கு ஏறக்குறைய இரண்டு பிரிவேளை. அறத்துக்கென்று அரசு இவ்வளவு பெரிய இடத்தைக் கட்டிக்கொடுத்தால், கடைசியில் அதற்குள் குடியேறுவது அரசுதான். இது நமக்கும் எச்சரிக்கை. டெல்லியில் 2018-இல் மகிழ்ச்சிக் கலைத்திட்டம், 2021-இல் தேசபக்திக் கலைத்திட்டம் என்று ஆட்சியில் இருந்தவர்களின் மனநிலைக்கு ஏற்பப் பாடம் பிறந்ததையும் பார்த்தோம்.

சீனாவிடம் நாம் வாங்க வேண்டியது அந்தப் புத்தகத்தை அல்ல. வகுப்பறைச் சுவரில் தொங்கும் பெயர்ப் பட்டியலை. இன்று கரும்பலகை துடைப்பது யார், தரை கூட்டுவது யார், குப்பையைக் கொட்டுவது யார் என்று முறைவைத்து எழுதிய பட்டியல் அது. முதல் மதிப்பெண் வாங்குபவருக்கும் அதிகாரி வீட்டுப் பிள்ளைக்கும் அதில் விலக்கு இல்லை. 2022 இலையுதிர் காலம் முதல் உழைப்புப் பாடம் தனிப் பாடமாகவே இருக்கிறது. ஐந்து, ஆறாம் வகுப்பில் தக்காளி போட்டு முட்டை வறுப்பது மாதிரி இரண்டு மூன்று சாதாரண உணவுகளைச் செய்யத் தெரிய வேண்டும். ஆண் பிள்ளைக்கும் அதேதான்.

நம் பள்ளிகளுக்குக் காலையில் மணி அடிக்கும் முன் ஒரு நாள் போய்ப் பாருங்கள். அறந்தாங்கிப் பக்கமோ அன்னவாசல் பக்கமோ, ஊர் எதுவானாலும் காட்சி அநேகமாக ஒன்றுதான். வகுப்பறையைக் கூட்டுவது பெண் பிள்ளைகள். பெஞ்சை நகர்த்துவதும், மைக் செட் தூக்குவதும், கடைக்குப் போய் டீ வாங்கி வருவதும் பையன்கள். டீ வாங்க எந்தத் தெருப் பையனை அனுப்புவது, அடைத்துக்கொண்ட வாய்க்காலைக் குத்தச் சொல்லி எந்தத் தெருப் பையனைக் கூப்பிடுவது என்பது சில ஆசிரியர்களுக்கு யோசிக்காமலேயே வருகிறது. யோசிக்காமல் வருவதுதான் ஆபத்து. எந்த அட்டவணையிலும் எழுதாத இந்தப் பாடத்தைப் பிள்ளைகள் ஒரு நாள் தவறாமல் படிக்கிறார்கள். 2022 இறுதியில் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில், பட்டியல் சாதிப் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். ஜப்பானில் பல பள்ளிகளில் பிள்ளைகள் எல்லோரும் கழிப்பறையைச் சுத்தம் செய்கிறார்கள். அதை உலகமே மெச்சுகிறது. இங்கே அது குற்ற வழக்கு. இரண்டும் சரிதான், ஏனென்றால் அங்கே எல்லோரும் செய்தார்கள், இங்கே பொறுக்கியெடுத்த சிலர் செய்தார்கள்.

ஆனால், ஜப்பானைப் பார்த்து நாளைக்கே எல்லாப் பிள்ளைகளும் கழிப்பறை கழுவட்டும் என்று சொல்ல மாட்டேன். ‘எல்லோரும்’ என்று ஆணையில் எழுதினாலும் இரண்டாம் வாரமே அது யார் கைக்குப் போய்ச் சேரும் என்று நமக்குத் தெரியும். கழிப்பறைக்கு ஒழுங்கான சம்பளத்தில் பணியாளர் வேண்டும். உள்ளாட்சி வழியாகச் சொற்பத் தொகையை மாதக் கணக்கில் பாக்கி வைத்துக் கொடுத்துக்கொண்டு உழைப்பின் மேன்மையைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுவது அழகல்ல. வகுப்பறை கூட்டுவது, தண்ணீர் பிடிப்பது, சோறு பரிமாறுவது, தட்டுகளை எடுத்து வைப்பது ஆகியவற்றைச் சீட்டுப் போட்டு, பையன் பெண் பார்க்காமல், தெரு பார்க்காமல் சுழற்சி முறையில் விடலாம். அதற்குப் புத்தகமும் வேண்டாம், பிரிவேளையும் வேண்டாம்.

உண்மையில், தமிழ்நாடு இதுவரை நடத்தியதிலேயே பெரிய அறநெறி வகுப்பு மதிய உணவுப் பந்திதான். காமராசர் காலத்திலும் 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கியபோதும் அது பசிக்காக வந்த திட்டம். ஆனால், ஒரே வரிசையில் சம்மணம் போட்டு, ஒருவர் பரிமாறிய சோற்றை எல்லோரும் தின்றதில் பிள்ளைகள் கற்றது பசியைப் பற்றி மட்டுமல்ல. எவ்வளவு பெரிய வகுப்பு அது என்பது, அதற்கு எதிர்ப்பு வரும்போது தெரிகிறது. 2023 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில், பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதே மாதம் கரூர் மாவட்டத்திலும் ஒரு பள்ளியில் இதே சிக்கல் வந்து, ஆட்சியர் போய்ச் சாப்பிட்டார். அந்தப் பிள்ளைகளுக்கு எந்தக் கையேட்டாலும் சொல்ல முடியாததை அந்த ஒரு வேளைச் சாப்பாடு சொல்லியிருக்கும்.

இனி நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வருவோம். 2022 டிசம்பர் கடைசியில், குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போய், தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகுதான் வேங்கைவயலில் பட்டியல் சாதிக் குடியிருப்பின் மேல்நிலைக் குடிநீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார்கள். மலம் கலந்திருந்தது. விசாரிக்கப் போன ஆட்சியர் கவிதா ராமுவும் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேயும், தேநீர்க்கடையில் இரட்டைக் குவளை இருப்பதையும், அந்த மக்கள் கோயிலுக்குள் போக முடியாமல் இருந்ததையும் கண்டுபிடித்தார்கள். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. 2025 ஜனவரியில் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர்மீது குற்றப்பத்திரிகை வந்தது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை, சிபிஐ விசாரணை வேண்டும் என்று கட்சிகள் கேட்டன. அந்தக் கணக்கை நீதிமன்றம் தீர்க்கட்டும். இரட்டைக் குவளைக்கு நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை. அந்தக் கடையைத் தாண்டித்தான் தினமும் பிள்ளைகள் போய் வந்தார்கள். ஆட்சியர் வந்து கண்டுபிடிக்கும் வரை அது ஒரு செய்தியாகவே இருக்கவில்லை.

ஏழாம் வகுப்பில் ஓர் ஆசிரியர் “உங்க ஊர்ல குடிதண்ணிக் குழாய் எங்கெங்கே இருக்கு, படம் போட்டு வாங்க” என்று சொன்னால் போதும், அறநெறி வகுப்பு ஆரம்பித்துவிடும். எந்தத் தெருவில் எத்தனை குழாய், எதில் எப்போது தண்ணீர் வரும், யார் யார் எங்கே பிடிக்கலாம், சுடுகாட்டுப் பாதை எது, தேர் எந்தத் தெரு முனையில் திரும்பிவிடும் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ஏன் இப்படி என்று கேட்கும் குழந்தையும் ஒன்று இருக்கும். வகுப்பு ராகம் போட்டுச் சொல்ல அங்கே தயார் பதில் கிடையாது, ஆசிரியரிடமும் கிடையாது.

ஒழுக்கத்தின் பெயரால் கதவை அடைத்த கதையும் இந்த மண்ணிலேயே இருக்கிறது. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் மட்டும் படித்த மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எழுந்த எதிர்ப்பு, பையன்கள் கெட்டுப்போவார்கள் என்பதுதான். அவருடைய தாயின் குலத்தையும் இழுத்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதித்ததால் படித்தார். பின்னாளில் சட்டமன்றத்தில் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர் அவர். அன்று அறத்தைப் பற்றி அதிகம் பேசியவர்கள் அவரை உள்ளே விடாதே என்றவர்கள்தான். அறநெறிப் பாடம் எழுத உட்காரும் குழு இந்த ஒரு கதையை எழுதிவைத்தாலே, யாருடைய ஒழுக்கம், யாருக்காக என்று பிள்ளைகள் கேட்கப் பழகுவார்கள்.

1991-இல் அறிவொளி இயக்கம் இங்கே வந்தபோது நடந்ததும் இந்தக் கணக்கில்தான் சேரும். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். பெண் சைக்கிள் ஓட்டினால் ஒழுக்கம் என்னாவது என்று டீக்கடைகளில் கேட்காத கேலி இல்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போனபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்க அதுதான் வசதி என்றும் சொன்னார்கள். குடுமியான்மலைப் பக்கம் பெண்கள் குழுவாகச் சேர்ந்து கல் குவாரியைக் குத்தகைக்கு எடுத்தார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் அந்த சைக்கிள் கதையை எழுதினார். அது இந்தியில் போய், என்சிஇஆர்டியின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் பல ஆண்டுகள் பாடமாக இருந்தது. பிகாரிலும் ராஜஸ்தானிலும் பிள்ளைகள் புதுக்கோட்டைப் பெண்களைப் படித்தார்கள். பெண்ணுக்கு மரியாதை கொடு என்று அந்த இயக்கம் ஆண்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை. பெண்கள் சைக்கிளில் எதிரே வந்தார்கள், ஆண்கள் ஒதுங்கி வழிவிட்டுப் பழகினார்கள்.

அறநெறி வகுப்பு என்று கட்டத்தை மட்டும் போட்டுவிட்டு உள்ளே என்ன என்று சொல்லாமல் விட்டால், அதை யார் வந்து நிரப்புவார்கள் என்பதையும் பார்த்துவிட்டோம். 2024 ஆகஸ்ட்டில் சென்னையில் அரசுப் பள்ளி ஒன்றுக்குத் தன்னம்பிக்கைப் பேச்சு என்று அழைக்கப்பட்டு வந்தவர், ஊனமும் வறுமையும் போன பிறவியின் பலன் என்ற தொனியில் பேசினார். பார்வைத்திறன் இழந்த தமிழாசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து கேள்வி கேட்டார். அரசு நிதியில் முழுமையாக நடக்கும் பள்ளியில் மத போதனை கூடாது என்கிறது அரசமைப்பின் 28ஆம் கூறு. அந்தப் பிள்ளைகளுக்கு அன்று கிடைத்த அறநெறி வகுப்பு பேச்சாளர் நடத்தியதல்ல. பயப்படாமல் எழுந்து நின்ற ஆசிரியர் நடத்தியது.

எதிர்வாதம் ஒன்றைத் தட்டிக்கழிக்க முடியாது. குழாய் வரைபடம் போடச் சொன்ன ஆசிரியரின் வீட்டு வாசலில் மறுநாள் நாலு பேர் வந்து நிற்பார்கள். “படிக்க அனுப்பினா ஊர்ப் பிரச்சினையைக் கிளர்றியா?” தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலருக்குப் போன் போட்டால், “எதுக்கு சார் வம்பு, விட்ருங்க” என்ற பதில்தான் வரும். ஆசிரியரும் ஏதோ ஒரு சாதியில் பிறந்தவர்தான். அந்த ஊரிலேயே நிலம், உறவு உள்ளவராக இருந்தால் அவரே அந்த நாலு பேரில் ஒருவராகவும் இருக்கலாம். ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அதே பகுதியில் கல்வி அலுவலராகவும் தலைமையாசிரியராகவும் போடக் கூடாது என்று சந்துரு குழு சொன்னது இதனால்தான். அறநெறி வகுப்பு வேண்டும் என்று கைதட்டியவர்கள் இந்தப் பரிந்துரைக்குக் கைதட்டவில்லை.

ஜப்பானில் நடந்ததையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 2011-இல் ஓட்சு நகரில் சக மாணவர்களின் கொடுமை தாங்காமல் 13 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரை விட்டான். நாடே அதிர்ந்தது. அறநெறியை முறையான பாடமாக்கும் முடிவுக்கு அதுவே முக்கியக் காரணமானது. 2018-இல் தொடக்கப் பள்ளியிலும் 2019-இல் நடுநிலையிலும் அமலுக்கு வந்தது. ஆனால், அந்தச் சிறுவன் படித்த பள்ளியே அதற்குச் சற்று முன்புவரை அறநெறிக் கல்விக்கான மாதிரிப் பள்ளியாக அரசால் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. ஜப்பான் ஒன்றை மட்டும் சரியாகச் செய்தது. அந்தப் பாடத்துக்கு மதிப்பெண் போடுவதில்லை. ஆசிரியர் நாலு வரி எழுதுகிறார், அவ்வளவுதான்.

ஆகவே, கையேடு அச்சடிக்கும் முன் துறை செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. வகுப்பறையில் சாதி, தண்ணீர், பாலினம் பற்றிப் பேசிய ஆசிரியர்மீது ஊர் புகார் கொடுத்தால், அந்த ஒரு காரணத்துக்காக இடமாற்றமோ விளக்கக் கடிதமோ கிடையாது என்று எழுத்தில் ஆணை வேண்டும். பள்ளி ஆய்வுக்கு வரும் அலுவலர், பதிவேட்டைப் புரட்டும் முன் இன்று இந்த வகுப்பைக் கூட்டியது யார், நேற்று யார், பரிமாறியது யார் என்று பிள்ளைகளையே கேட்க வேண்டும். அறநெறி என்ற பெயரில் ஒரு மதிப்பெண்கூடப் போடக் கூடாது.

சிறப்பு விருந்தினர் யாராவது வந்தே ஆக வேண்டும் என்றால், தன்னம்பிக்கைப் பேச்சாளரைத் தேடிச் சென்னைக்குப் போன் போட வேண்டாம். அறிவொளியில் சைக்கிள் பழகிய பெண்கள் இன்று அறுபதை ஒட்டிய பாட்டிகள். பலருடைய பேரப்பிள்ளைகள் இதே அரசுப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். முதல் நாள் விழுந்து முட்டி பெயர்ந்ததையும், யார் சிரித்தார்கள், யார் பின்னால் வந்து சீட்டைப் பிடித்தார்கள் என்பதையும் அவர்கள் சொல்லட்டும். வட்டாரக் கல்வி அலுவலரும் அன்று பெஞ்சில் உட்கார்ந்து கேட்கலாம்.